உபரித் தோட்டா

போன பிப்ரவரியில், ஓட்டெப்பாவில்,
நான் மூன்று முறை தண்டனைச் சுற்று ஓடினேன்.
நூற்றைம்பது மீட்டர்தான் ஒரு சுற்று.
வேலியோரம் நின்றவர்கள்
பார்க்காதது போலப் பார்த்தார்கள்.
ஒருவர் தெர்மாஸைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

முடிந்ததும் லேலோ என் முதுகைத் தட்டி
பரவாயில்லை என்றாள்.
டூலி பரவாயில்லை என்றாள்.
என் கை தொட்டதும் கடைசி ஆளாய்ப் பாய்ந்து
ஒன்பதாவதாய் வந்து பனியில் விழுந்த எஹா,
மூச்சு திரும்பியதும்
அவளும் பரவாயில்லை என்றாள்.
மூன்று பரவாயில்லைகளையும்
வேனில் மடிமேல் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.
துப்பாக்கியைவிடக் கனம்.

அதன்பின் பயிற்சியில், தனியாக இருந்தால்,
ஐந்துக்கு ஐந்து.
யாராவது பின்னால் நின்று மூச்சு விட்டால் மூன்று.
பயிற்சியாளர் உர்மாஸ் திருகுகளைச் சரிபார்த்தார்,
துப்பாக்கிக் கட்டையைச் செதுக்கிப் பார்த்தார்,
தார்ட்டுவுக்கு, கண் டாக்டரிடம் அனுப்பினார்.
கண்ணில் குறையில்லை என்று எழுதித் தந்தார்கள்.
அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

யாரும் சண்டை போடவில்லை.
அதுதான் கோளாறு.
சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கும்போதுகூட
தயவுசெய்து என்றோம்.
டூலி தன் ஓட்டத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாள்.
எப்படியும் மூன்றாம் ஆள் கவிழ்ப்பாள் என்றால்
நுரையீரலை எதற்குக் கிழித்துக்கொள்வது?
அவள் சொல்லவில்லை, கடிகாரம் சொன்னது.
ஏழு நொடி.

நவம்பரில் ஒரு சாயங்காலம், மெழுகு அறையில்
இஸ்திரிப்பெட்டி புகைந்துகொண்டிருக்க
எஹா தலை நிமிராமல் பேசினாள்:
"நீ மூணாவது சுத்து போனப்ப
எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு, வீவே.
இனி நான் தோத்தாலும்
என் பேர் வராதுன்னு."

பனிச்சறுக்குப் பலகையில் மெழுகு சொட்டி
வெள்ளையாய் உறைந்தது.
கோபம் வருமென்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
லேலோ சொன்னாள், கிளம்பும் கோட்டுக்குப் போகுமுன்
ஒவ்வொரு முறையும் வாந்தி எடுப்பாளாம்,
ஃபின்லாந்துக்காரிகளின் கூடாரத்துக்குப் பின்னால்.
டூலி எழுந்து வெளியே போனாள்.
கதவை மூடவில்லை. குளிர் உள்ளே வந்து உட்கார்ந்தது.
வெகுநேரம் கழித்துத் திரும்பியவள்
"ஏழு நொடி. எனக்குத் தெரியும்" என்றாள்,
ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

இந்த பிப்ரவரி.
நின்று சுடும் மேடை.
என் இதயம் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும்
துப்பாக்கி முனை தலையாட்டுகிறது.
இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு சின்ன இடம் உண்டு,
விரல் அதற்குள்தான் நுழைய வேண்டும்.
போன வருடம் அங்கே
மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை.
நான்காவது கருப்பாகவே நின்றது.
ஐந்தாவது வெள்ளை.

உபரித் தோட்டாவைக் கையால்தான் போட வேண்டும்.
விறைத்த விரல்களில் வழுக்கி அது பாயில் விழுந்தது,
பின்னால் யாரோ 'ஐயோ' என்றார்கள்.
இன்னொன்றை எடுத்தேன்.
ஃபின்லாந்துக்காரிகளின் கூடாரம்
ஏனோ நினைவுக்கு வந்தது.
இன்று காலையும் அதன் பின்பக்கம்
லேலோ குனிந்து நின்றிருப்பாள்.
சிரிப்பு முட்டியது.
சிரிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில்
விரல் தானாக அழுத்தியது.

வெள்ளை.

நாங்கள் ஆறாவது.
அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
எஹா வந்து, வழக்கம்போல் விழுந்து கிடந்தாள்.
"நாலாவத விட்டேன், பாத்தியா?"
"பெரிய திரையில பாத்தேன்" என்றாள்.
"எரிச்சலா இருந்துச்சு."
பிறகு தன் கையுறையால்
என் மூக்கைத் துடைத்துவிட்டாள்,
அழுத்தி.